இரயில் பெட்டியும் ஏழு அங்குலமும்

பிரிட்டிஷ் இரயில்வே 1951இல் அறிமுகப்படுத்திய 'மார்க் 1' பயணிகள் பெட்டிகளுள் நீண்ட வகையின் உடல் 64½ அடி. அந்நாட்டில் மாதிரி செய்வோர் பெரும்பாலும் ஓர் அடியை 4 மில்லிமீட்டராகக் கொள்வர். பெருக்குங்கள்: 258 மில்லிமீட்டர், நம் அடிக்கோலினும் சற்றே குட்டை! சன்னல், கதவுப்பிடி, இருக்கை யாவும் இதே கணக்குத்தான்.

தண்டவாளத்தில்தான் கணக்குப் பிழைக்கிறது. மெய்யான இடைவெளி 4 அடி 8½ அங்குலம்; மாதிரியில் 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். கடையில் விற்பதோ 16.5. அக்கால மின்பொறி, சிறிய பிரிட்டிஷ் இஞ்சின் மாதிரிக்குள் அடங்கவில்லை; ஆகவே வண்டியின் உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டனர்.

நுணுக்கம் நாடுவோர் சிலர் சக்கரங்களைக் கழற்றி, சரியான அகலத்திற்கு மாற்றுகின்றனர். இரண்டு மில்லிமீட்டருக்கு இத்தனை பாடா எனச் சிரிக்காதீர்! அக்குறையை அங்குலமாக்கிப் பாருங்கள், ஏழு வரும்.