'புறம்போக்கு' வெறும் திட்டுச் சொல்லா?

கோபம் வந்தால் நம்ம ஊரில் சட்டென்று வாயில் வரும் சொல் 'புறம்போக்கு'. அதே சொல் நீங்கள் வாங்கப்போகும் மனையின் அரசுப் பதிவேட்டில் இருந்தால்? அங்கே அது திட்டு இல்லை. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே வைக்கப்பட்ட நிலம் என்பதுதான் அதன் பொருள். ஏரி, குளம், பாதை, மேய்ச்சல் தரை, சுடுகாடு எல்லாம் இதில் அடங்கும். ஊருக்கே பொதுவான இடத்தின் பெயர் ஒரு வசவாக மாறியது கொஞ்சம் அநியாயம்தான்!

காவேரிப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும் பெரிய ஏரி அது. இப்படிப்பட்ட ஏரிக்கரைப் பக்கம் மனை காட்டும் ஒருவர், "புறம்போக்குதாங்க, அப்புறமா பட்டா வாங்கிக்கலாம்" என்று சாதாரணமாகச் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "என்ன புறம்போக்கு?" நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அதற்கு வீட்டுமனைப் பட்டா கிடையாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. 'நத்தம்' வேறு, அது ஊர்க் குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் போவது உங்கள் பணம்.

செல்போனிலேயே பார்த்துவிடலாம். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் 'அ-பதிவேடு' பகுதிக்குப் போய் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுங்கள். நிலத்தின் வகைப்பாடு தெரியும். ஒரு விஷயம்: வாய்ப்பழக்கத்தில் வேலூர் என்று தேடாதீர்கள். 2019 முதல் காவேரிப்பாக்கம் இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில்.

இன்னொரு சொல் 'வில்லங்கம்'. 'வில்லங்கமான ஆளு' என்றால் வம்புக்காரர். அதனால்தானோ என்னவோ, வில்லங்கச் சான்றில் நாலு வரி பதிவு இருந்தாலே சிலர் பயந்துவிடுகிறார்கள். கிரயம், தானம், அடமானம் எனப் பதிவான ஆவணங்கள் எல்லாம் அதில் வரும். பதிவு இருப்பதே பிரச்சினை ஆகாது; அடமானம் இருந்தால் அது தீர்ந்ததா என்று பாருங்கள். நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே அது பேசும், பதிவு செய்யாத ஒப்பந்தம் அதில் வராது.

'பேர் மாத்தணும்' என்று இ-சேவை மையத்தில் கேட்டால் ஊழியருக்குப் புரியும். ஆனால் புல எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், 'உட்பிரிவுடன் பட்டா மாற்றம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். முழுப் புலத்தையும் வாங்கியவருக்கு அது தேவையில்லை.

அரசுச் சொல்லும் அப்படியே நிற்பதில்லை. பக்கத்து ஆற்காட்டில் நவாபுகள் ஆண்ட காலத்தில் புழங்கிய பாரசீகச் சொற்கள் வழியாக வந்ததுதான் தாசில்தாரும் ஜமாபந்தியும். இன்று அறிவிப்புகளில் வட்டாட்சியர், வருவாய்த் தீர்வாயம் என்று இருக்கும். மனுவில் எதை எழுதினாலும் புரிந்துகொள்வார்கள். புல எண்ணை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள்.