கழுத்தைத் திருப்பு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கடந்த திங்கட்கிழமை இரவு டி டூகோம்ஸ்ட் மைதானத்தில் யோங் அயாக்ஸ் அணிக்காக நீ ஆடியதை ஓரமாக நின்று பார்த்தேன். முதல் பாதியில், பந்து உன்னிடம் வருவதற்குள் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டாய். அதனால்தான் பந்து காலில் பட்டபோதே உன் உடல் பாதி திரும்பியிருந்தது. இரண்டாம் பாதியில் அந்தப் பார்வை நின்றுபோயிற்று. முதுகுக்குப் பின்னால் வந்தவனைக் கவனிக்காமல் நீ வாங்கிய பந்துதான் எதிரணியின் கோலாக முடிந்தது. வெளிநாட்டுப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து உன்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாக இடைவேளையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும்.

உனக்கு 18 வயது ஆகப்போகிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அந்த வயதுக்கு முன் வெளிநாட்டுப் பிள்ளைகளை இங்கிலாந்துக் கிளப்புகள் எடுக்க முடியாது. அதனால் இனிமேல்தான் அழைப்புகள் குவியும். கையெழுத்துப் போடுமுன் ரையன் கிராவன்பெர்க்கின் கதையை ஒருமுறை முழுதாக நினைத்துப் பார்.

நீ ஓடுகிற இதே புல்லில் வளர்ந்தவர் அவர். 2018 செப்டம்பரில் பி.எஸ்.வி.க்கு எதிராக இறங்கியபோது வயது 16 ஆண்டு 130 நாள். டச்சு லீகில் அயாக்ஸுக்காக ஆடிய மிக இளையவர் என்ற கிளாரன்ஸ் சீடோர்ஃபின் சாதனை அன்று முறிந்தது. 2022இல், இருபது வயதில், பயர்ன் மியூனிக் போனார். கிம்மிக்கும் கொரெட்ஸ்காவும் நின்ற நடுக்களம் அது. அந்த ஆண்டு பெரும்பாலும் கடைசி நிமிடங்களில் இறங்குகிற மாற்று ஆட்டக்காரராகவே கழிந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று லிவர்பூலில் சேர்ந்தார். அங்கும் முதல் பருவத்தில் நிலையான இடமில்லை. 2024 ஐரோப்பியக் கோப்பைக்கு நெதர்லாந்தின் நடுக்கள ஆட்டக்காரர் ஃபிரெங்கி டி யோங் கணுக்கால் காயத்தால் வரவில்லை. அப்படியும் அணியில் இருந்த கிராவன்பெர்க்குக்கு ஒரு நிமிடம்கூடக் களம் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் நீ கவனிக்க வேண்டியது. அந்தக் கோடையில் லிவர்பூல் பயிற்சியாளராக வந்த ஆர்னே ஸ்லாட்டுக்குப் பின்களத்துக்கு முன்னால் நிற்க ஒருவர் தேவைப்பட்டார். கிளப் தேடிப்போனது ஸ்பெயினின் மார்ட்டின் சுபிமெண்டியை. அவர் மறுத்துவிட்டார். மிஞ்சிய இடத்தில் கிராவன்பெர்க் நிறுத்தப்பட்டார். முன்னேறிப் போய் ஆடிப் பெயர் வாங்கியவருக்கு, பாஸை இடைமறிப்பதும் ஓட்டைகளை அடைப்பதும் வேலையாயின. பந்தைத் தொடாமல் தன் உடலுக்குக் குறுக்கே உருளவிட்டு, நெருக்கி வருகிறவன் திகைத்து நிற்க, மறுபக்கம் திரும்பிப் போவாரே, அது அந்த இடத்தில்தான் முழுதாகப் பயன்பட்டது. 2025 ஏப்ரலில் லிவர்பூல் 20ஆவது முறையாக லீகை வென்றது. அந்தப் பருவத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

ஆறாம் எண்ணுக்குரிய அந்த இடத்தை உன் பயிற்சியாளர் இரண்டு முறை உனக்குக் கொடுத்தார். இரண்டு முறையும் நீ முகம் சுருக்கினாய். எனக்கு வருத்தமாக இருந்தது. டி யோங்கையே எடுத்துக்கொள். 2015இல் வில்லெம் II கிளப்பிடமிருந்து அவரை வாங்க அயாக்ஸ் கொடுத்தது வெறும் 1 யூரோ. பின்னாளில் விற்றால் ஒரு பங்கு தருவதாக ஒப்பந்தம். அவரும் யோங் அயாக்ஸில் ஆடியவர்தான். பெரிய அணிக்கு வந்த பிறகு பயிற்சியாளர் டென் ஹாக் அவரை நடுப் பின்கள ஆட்டக்காரராகவும் நிறுத்தினார். அங்கிருந்தே பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒருவரையோ இருவரையோ கடந்து நடுக்களத்துக்குள் நுழைந்துவிடுவார். 2019 ஜனவரியில் பார்சிலோனா அவருக்காக ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி யூரோ.

பொறுமையாக இரு, காலம் கிடக்கிறது என்று மட்டும் உன்னிடம் சொல்லமாட்டேன். அயாக்ஸின் அப்தெல்ஹக் நூரி 2017 ஜூலையில் ஒரு நட்பு ஆட்டத்தின் நடுவே இதயத் துடிப்பு பிறழ்ந்து விழுந்தபோது அவனுக்கு வயது இருபது. மூளை பாதிக்கப்பட்டு, அவனுடைய ஆட்டம் அன்றோடு முடிந்தது. அவன் அணிந்த 34ஆம் எண் சட்டை அயாக்ஸில் இனி யாருக்கும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஓர் ஆண்டைப் பெஞ்சில் கரைப்பது சின்ன விஷயமில்லை. 2020இல் அயாக்ஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் போன டோனி வான் டி பேக் அங்கே நூரிக்காக அந்த 34ஐத்தான் அணிந்தார். அவருக்குத் திறமை குறைவா? அவரை வாங்கிய அணிக்கு அவரை எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். எவர்டன், ஃபிராங்க்ஃபர்ட் என்று கடனாகப் போய்வந்து, நான்கு ஆண்டுக்குப் பிறகு கிரோனா போய்ச் சேர்ந்தார்.

உன் ஏஜென்டோடு போய் உட்காரும்போது சம்பளப் பேச்சை அவரிடமே விட்டுவிடு. நீ பயிற்சியாளரை நேரில் பார்க்கக் கேள். என்னை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், அந்த இடத்தில் இப்போது யார், அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேள். அந்தப் பயிற்சியாளரே அடுத்த பருவத்தில் அங்கே இருப்பாரா என்பதையும் விசாரி. கிராவன்பெர்க் போன முதல் பருவம் முடியும் முன்பே பயர்ன் நாகெல்ஸ்மானை அனுப்பிவிட்டு டூகெலைக் கொண்டுவந்தது. பதில்கள் மழுப்பலாக இருந்தால் பேனாவை எடுக்காதே. இங்கேயே இன்னொரு பருவம் ஆடு.

வரும் திங்கட்கிழமையும் வருவேன். அன்றும் யாராவது உன்னைப் பார்க்க வந்திருக்கலாம். நான் பார்க்கப்போவது உன் கழுத்தை மட்டும்தான், அதுவும் இரண்டாம் பாதியில்.

அன்புடன்,
ஓரத்தில் நிற்கும் உன் அண்ணன்