கொலைகாரரின் கையெழுத்து

கேள்வி: ஒழுக்கம் கெட்ட கலைஞனின் படைப்பை ரசிப்பது தப்பா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ரசிப்பது தப்பில்லை, அதைக் காட்டி அவனுக்கு வக்காலத்து வாங்குவதுதான் தப்பு. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிப்போனவர். 1608இல் மால்டாவில், பைபிளில் வரும் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சியை வரைந்தார். அவருடைய கையெழுத்து உள்ள ஒரே ஓவியம் அது. கையெழுத்து எங்கே தெரியுமா? யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில்! மால்டாவின் வலேட்டா நகரத் தேவாலயத்தில் அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. நான் அதை வியந்து ரசிப்பேன். கொலையை மறக்க மாட்டேன்.

இறந்து நானூறு வருஷமானவரைப் பற்றி இப்படிச் சொல்வது சுலபம்தான். உயிரோடு இருப்பவர் என்றால் கதை வேறு. நம் டிக்கெட் காசும் கைதட்டலும் அவருக்குக் கேடயமாகிவிடும். அவர்மீது புகார் சொன்ன பெண்ணின் வாயை அடைக்க அதுவே போதும். அங்கே என் காசு கிடையாது. நீங்களும் கொடுக்காதீர்கள், அம்மா.