கட்டாமல் விட்ட ஃபைன்

ஸ்காபுறோவில் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். தேர்தல் வந்தால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அண்ணை, நான் உள்ளுக்க இருந்திட்டு வந்தனான். இனி எனக்கு வோட்டு இல்லைத்தானே?"

இருக்கிறது. கனடியக் குடியுரிமை இருந்தால் போதும். சோவே என்பவரின் வழக்கில் 2002 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை அனுபவிப்பவர்களின் வாக்கைத் தடுத்த சட்டம் செல்லாது என்றது. 5க்கு 4 என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு. ஃபெடரல் தேர்தலில் இப்போது சிறைக்குள்ளிருந்தே வாக்களிக்கலாம். ஒன்ராறியோ நகரசபைத் தேர்தலில் மட்டும், உள்ளே இருக்கும்வரை முடியாது. எங்கட ஆட்களின் பயம் ஊரிலிருந்து வந்தது. இலங்கை அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரைப்படி, பாரதூரமான குற்றத்துக்கு ஆறு மாதமோ கூடவோ சிறையிருந்தவருக்கு விடுதலைக்குப் பிறகும் ஏழு வருடம் வாக்கில்லை.

விலாசம் காட்டக் காகிதம் இல்லையென்றால், ஃபெடரல் தேர்தலில் அதே வாக்குச்சாவடியைச் சேர்ந்த, உங்களைத் தெரிந்த ஒருவர் எழுத்தில் உறுதி தரலாம். ஒருவர் ஒருவருக்குத்தான் தரலாம். ஒரு மச்சானை நம்பி நாலு பேர் போகாதீர்கள்.

வாக்கு லேசு. இழுபடுவது வேலைக்கான பொலிஸ் செக்தான். அதற்குப் பழைய குற்றப்பதிவை ஒதுக்கி வைக்கும் பரோல் போர்டின் ரெக்கோர்ட் சஸ்பென்ஷன் வேண்டும். பழைய பெயர் பார்டன். 600 டொலருக்கு மேலிருந்த கட்டணம் 2022 ஜனவரியில் 50 ஆனது. கைரேகை, பொலிஸ் காகிதச் செலவு தனி. படிவம் இலவசம், ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டத் தேவையில்லை. சமரி எனும் சிறு குற்றத்துக்கு 5 வருடம், இன்டைட்டபிள் எனும் பெரிய குற்றத்துக்கு 10 வருடம் பொறுக்க வேண்டும். 2012 மார்ச்சுக்கு முந்திய குற்றங்கள் பலவற்றுக்குக் காலம் குறைவு.

அந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். சிறை, புரொபேஷன், ஃபைன் எல்லாம் தீர்ந்த நாள்தான் முதல் நாள். ஒரு தம்பி விடுதலையாகிப் பத்து வருடம் போய்விட்டது என்று சந்தோசமாக வந்தார். கோர்ட்டிலிருந்து வந்த காகிதத்தில் ஃபைனில் ஒரு சிறு தொகை பாக்கி. அன்றே போய்க் கட்டினார். ரசீதில் இருந்த தேதியிலிருந்துதான் அவருக்கு அந்தப் பத்து வருடம். ஆகவே வேறெதற்கும் முதல் கோர்ட் கவுன்டரில் பாக்கியைக் கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிஆர் (நிரந்தர வதிவிடம்) மட்டும் உள்ளவர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆறு மாதச் சிறைத்தண்டனை வந்தால் நாடுகடத்தலுக்கு எதிரான அப்பீலே போய்விடலாம். பார்டன் கிடைத்தவர்களும் பஃபலோப் பக்கம் காரைத் திருப்ப முன் யோசியுங்கள். அமெரிக்க எல்லை அதிகாரியை அது கட்டுப்படுத்தாது.