சிற்றூர் வைத்தியரும் முதல் நாழிகையும்

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை யான் வகுப்பில் நடத்தத் தொடங்கி இருபது ஆண்டுகளாகின்றன. மருத்துவம் கற்றவன் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் நோக்கியே தொழிலில் இறங்குதல் வேண்டும் என்பது அங்கே வள்ளுவர் கருத்து. இம்மூன்றனுள் ‘காலம்’ என்பதற்குக் கார், கூதிர் முதலிய பருவங்களையே பொருளாகக் கூறி வந்தேன். அது பிழையென்று இன்றும் சொல்லேன். ஆயினும் நாழிகையும் நிமிடமுங்கூடக் காலமே என்பதை எனக்கு உணர்த்தியது உரைநூலன்று. மாமரத்திலிருந்து விழுந்த ஒரு மாணவன்.

அப்பொழுது யான் வேறொரு சிறிய பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் மரமேறிய பையன் கிளை முறிந்து விழுந்தான். கண்மூடி மல்லாந்து கிடந்தவனின் தொண்டையிற் குறட்டை போன்றதோர் ஒலி எழுந்தது. ஆசிரியர் மூவர் ஓடினோம். ஒருவர் தலையைத் தூக்கி வாயில் தண்ணீர் வார்த்தார். யான் அக்குளிலும் மற்றவர் முழங்காலிலும் பற்றித் தூக்க, தலை பின்னே தொங்கிற்று. அப்படியே ஓட்டோ ஒன்றில் மடியிற் கிடத்தி, அருகிலிருந்த சிற்றூர் வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம்.

பையன் பிழைத்தான். எம்மாற் பிழைத்தானல்லன், எம்மையும் மீறிப் பிழைத்தான் என்பதை, அவனை ஏற்ற இளம் வைத்தியர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமலே பின்னர் விளக்கினார். அக்குறட்டை உறக்கத்தின் ஒலியன்று. உணர்விழந்தவனின் நாக்குப் பின்னே சரிந்து மூச்சுவழியை அடைக்கும் ஒலி. வார்த்த தண்ணீர் நுரையீரலுள் இறங்கக்கூடியது. கழுத்தெலும்பு முறிந்திருப்பின், தொங்கிய தலை முண்ணாணைச் சிதைத்திருக்கும். அன்பினாற் செய்த மூன்றும் பிழை!

எமது பிழை அறியாதார் பிழை. கற்றாரிடத்தும் இது நேர்ந்ததுண்டு. காயமுற்றோர்க்கான அவசர சிகிச்சை இன்று பல நாடுகளிலும் ஒரே ஒழுங்கிற் பயிற்றப்படுவதற்கு அத்தகைய நிகழ்ச்சி ஒன்றே வித்தாயிற்று.

1976 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நெபிறாஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு அறுவை மருத்துவர் தாமே செலுத்திய சிறு விமானம் வயல்வெளியில் வீழ்ந்தது. மனைவி அவ்விடத்திலேயே மாண்டார். பிள்ளைகள் நால்வருள் மூவர் உணர்விழந்து கிடந்தனர். தாமும் காயமுற்றிருந்த தந்தை, குளிரில் அவர்களைப் பேணி, வீதியை அடைந்து மோட்டார் வண்டி ஒன்றை மறித்து, ஹெப்ரன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். இரவாதலின் கதவு பூட்டியிருந்தது. திறந்த பின்னரோ, உணர்விழந்த பிள்ளையின் கழுத்துக்கு ஆதாரமின்றித் தோளிலும் முழங்காலிலும் பற்றித் தூக்கினார்கள். யாம் தூக்கியவாறே! லிங்கன் நகரிலிருந்த தம் சக மருத்துவரின் துணையைத் தேடிப் பெற்றுத்தான் அவர் பிள்ளைகளைக் காத்தார்.

வெறும் வயலில் தம்மால் இயன்ற பராமரிப்புக்கூட மருத்துவமனையிற் கிட்டவில்லையே என்று அவர் மனம் கொதித்தது. எனினும் அவர் தனியொருவரைக் குற்றஞ்சாட்டி அமையவில்லை. அங்கிருந்த வைத்தியர்களுக்கு இதனை எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை என்பதே அவர் கண்ட குறை. இதனையே யான் பெரிதாக மதிக்கின்றேன். மனைவியை இழந்தவர் பாடத்திட்டம் வகுக்க அமர்வது எளிதன்று. அவரும் நண்பர்களும் அமைத்த பயிற்சி 1978 இல் அதே மாநிலத்தின் ஓபர்ன் என்னும் சிற்றூரில் முதன்முதல் நடைபெற்றது. 1980 இல் அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரி அதனை நாடெங்கும் பரப்பியது. இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது பயிற்றப்படுகின்றது.

பயிற்சியின் உயிர்நிலை யாது? எது முதலிற் கொல்லுமோ அதனை முதலிற் கவனி என்பதே. நோயின் பெயர் துணியப்படும்வரை சிகிச்சை காத்திருக்கலாகாது. ஆங்கிலேயர் இவ்வொழுங்கை ஏ, பீ, சீ, டீ, ஈ என ஐந்து எழுத்தில் அடக்குவர். யான் என் மாணவர்க்கு வழி, வளி, குருதி, உணர்வு, உடல் எனச் சொல்வதுண்டு. (ழகர ளகர வேறுபாட்டைப் பொருட்படுத்தாதார்க்கு முதலிரண்டும் ஒன்றாகிவிடும், அவர் வைத்தியராகாதிருத்தல் நலம்.)

மூச்சுவழி அடைபட்டால் மூளை சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஆதலின் அது முதல். வழி திறந்தும் வளி இயங்காதிருக்கலாம். நெஞ்சறையிற் சிறைப்பட்ட காற்று நுரையீரலையும் இருதயத்தையும் நெருக்குமாயின், எக்ஸ்றே படத்துக்கும் காத்திராது ஊசி செலுத்தி அக்காற்றை வெளியேற்றுதல் வேண்டும். அடுத்தது குருதி. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. அதில் ஒன்றரை லீற்றர் அளவு இழக்கும்வரை இரத்த அழுத்தம் பெரும்பாலும் குன்றாமலே நின்று எம்மை ஏமாற்றும். நாடியின் விரைவும் தோலின் குளிர்ச்சியுமே முன்கூட்டி உண்மை சொல்வன. வெளியே பீறிடும் குருதியை எல்லாவற்றுக்கும் முன்னரே அழுத்தி அடக்குக என்பது பிற்காலத்தார் சேர்த்த திருத்தம். உணர்வை அளக்க 1974 இல் கிளாஸ்கோ நகரில் வகுத்த 3 முதல் 15 வரையான அளவுகோல் உண்டு. எட்டும் அதற்குக் குறைவுமாயின் நோயாளி தன் மூச்சுவழியைத் தானே காத்துக்கொள்ளான். ஈற்றில், ஆடை நீக்கி உடல் முழுவதையும் பார்த்து உடனே போர்த்துவிடுதல் வேண்டும்; குளிர்ந்த உடலிற் குருதி உறைதல் தளரும்.

எழுத்து, சொல், பொருள் என நிரல்படக் கற்ற எமக்கு இம்முறை அந்நியமன்று. பெருநகர் வைத்தியசாலையில் ஐவர் ஐந்தையும் ஒருங்கே செய்வர். சிற்றூரிலோ நள்ளிரவில் ஒரு வைத்தியரும் ஒரு தாதியுமே இருப்பர். அவருக்கு ஒழுங்கே துணை. இன்னொன்றும் அவர்க்கு வேண்டும்: தம்மால் இயலாததை விரைந்து அறிந்து மேலிடத்துக்கு அனுப்பும் துணிவு. அனுப்புவதைத் தாமதப்படுத்தும் பரிசோதனை எதனையும் அவர் செய்யலாகாது. மூச்சுவழியைக் காவாது அனுப்புதலும் ஆகாது. வண்டி கிடைப்பதில் எமக்கிருந்த இடர் இப்பொழுது ஓரளவு குறைந்துள்ளது. 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல் வடமாகாணத்துக்கும் வந்தது.

அன்று அவ்விளம் வைத்தியர் பையனின் கழுத்தை இரு கைகளாலும் அசையாது பிடிக்கும்படி தாதியிடம் கூறிவிட்டு, குனிந்து, “தம்பி, உம்முடைய பேரென்ன?” என்று கேட்டார். பதிவேட்டுக்காகக் கேட்கிறார் என்றெண்ணி யான் முந்திக்கொண்டு பெயரைச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெயரைத் தெளிவாகச் சொல்பவனுக்கு வழி திறந்திருக்கின்றது, வளி இயங்குகின்றது, மூளைக்குக் குருதி செல்கின்றது என மூன்றும் ஒரே விடையில் விளங்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். பையன் விடை சொல்லவில்லை. அவர் அவனுடைய கீழ்த்தாடையின் இரு மூலைகளிலும் விரல் வைத்து முன்னே தூக்கினார். குறட்டை நின்றது. நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது. மறுநாள் பெரியாஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று யான் அதே வினாவைக் கேட்டேன். தன் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.