வேலை முடிந்த பின் மருத்துவக் காப்புறுதி

டென்மார்க்கின் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட், 2025 டிசெம்பர் 30இல் கடித விநியோகத்தை நிறுத்தியது. ஏறத்தாழ 1,500 பணியிடங்கள் குறைக்கப்படும் என அவ்வாண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டிருந்தது. இவ்வாறு வேலையை இழப்பவரும் ஓய்வுபெறுபவரும் இருவகைக் காப்புறுதிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

முதலாவது, அரச மருத்துவக் காப்புறுதி. 1973 முதல் வரிப்பணத்தில் இயங்கும் இது வேலையைச் சார்ந்ததன்று; வதிவிடத்தைச் சார்ந்தது. மஞ்சள் சுகாதார அட்டை உடையவர் குடும்ப வைத்தியரையும் அரச மருத்துவமனையையும் முன்போலவே கட்டணமின்றி நாடலாம்.

இரண்டாவது, சில தொழில்தருநர் பெற்றுத்தரும் தனியார் காப்புறுதி. இது வழமையாக வேலையுடன் முடிவடையும். ஆதலால், சிகிச்சையில் இருப்பவர் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டறிதல் நன்று: காப்புறுதி முடிவடையும் திகதி எது? தொடங்கிய சிகிச்சை தொடருமா? சொந்தச் செலவில் காப்புறுதியை நீடிக்கலாமா?

முதியோர் ஓய்வூதியம் பெறுவோர், ஹெல்பிரெட்ஸ்டிலெக் எனப்படும் சுகாதார உதவித்தொகைக்கு உட்பெட்டாலிங் டென்மார்க்கிடம் விண்ணப்பிக்கலாம். மானியம் வழங்கப்படும் மருந்து, பல் வைத்தியம் முதலியவற்றில் தாமே செலுத்தும் பங்கின் 85 சதவீதம் வரை இதன்மூலம் கிடைக்கக்கூடும். வருமானமும் சேமிப்பும் கருத்திற் கொள்ளப்படும்.

முடிவுகள் டிஜிட்டல் போஸ்ட் வழியாக வரும். அதிலிருந்து விலக்குப் பெற்றோருக்குக் காகிதக் கடிதம் அனுப்பப்படும்.