இயந்திரம் மாற்றிய மோட்டார் வண்டியும் வெடியோசையும்

மாத்தளையில் பழைய மொறிஸ் மைனர் வண்டிகளை அன்பர்கள் பேணிவருகின்றனர். 1952இன் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தை நீக்கி 1962இன் 1098ஐ ஏற்றியபின் வண்டி நின்றநிலையில் நடுங்கி வெடித்தால், காபரேற்றரையே பழிப்பர். பாவம், காபரேற்றர்! நாம் முதலில் நோக்கவேண்டியது தீப்பொறியின் ஒழுங்கே. அது 1, 3, 4, 2. டிஸ்ரிபியூட்டரை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக எண்ணல் வேண்டும். இரு கம்பிகள் இடம்மாறினாலே இத்தனை தொல்லையும் நேரும். முதற் பிளக்கைக் கழற்றித் துளையை விரலால் மூடி, இயந்திரத்தைக் கையாற் சுழற்றுவோமாயின், காற்று விரலைத் தள்ளும் ஏற்றமே அமுக்க ஏற்றமாகும். பிஸ்டன் மற்றொருமுறையும் உச்சியடையும். அதனை நம்பிப் பொருத்தினால் இயந்திரம் இயங்காது வெடிக்கும். ஒழுங்கு சரியாயிருந்தும் காபரேற்றர் வழியே வெடித்தால், உள்ளிழு குழாயின் கஸ்கெற்றிற் காற்றுக் கசிகிறதா எனப் பார்க்க. இவ்வெடியுடன் ரத்தோட்டை ஏற்றத்திற்குப் புறப்படலாகாது. அச்சுவாலை பெற்றோலைப் பற்றக்கூடும்.